ஒரு நாணயம், இரண்டு விலை

பழைய நாணயங்களை விற்க விரும்புவோருக்கு இன்று இரண்டு வழிகள் உள்ளன. ஊரில் உள்ள நாணய வணிகரின் கடைக்கு எடுத்துச் செல்லலாம். அல்லது படம் எடுத்து இணையச் சந்தையில் விற்பனைக்கு வைக்கலாம். ஒரே நாணயத்துக்கு இந்த இரண்டு இடங்களிலும் வெவ்வேறு விலை கிடைக்கிறது. பெரும்பாலும் கடைக்காரர் தரும் விலை குறைவு. இணையத்தில் கிடைக்கும் விலை அதிகம். அப்படியானால், கடைக்காரர் நம்மை ஏமாற்றுகிறாரா? இணையத்தில் விற்பவர்தான் புத்திசாலியா? சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. விடை தேடியபோது, நாணயங்களைப் பற்றி மட்டுமன்றி விலையைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொண்டேன்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி, பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய வாழைமரப் பணத்தாள், 1945-இல் போர் முடிந்ததும் மதிப்பிழந்து வெறும் காகிதமானதைக் கண்ணால் பார்த்தவர். அதன் பிறகு அவருக்குத் தாள் பணத்தின்மேல் நம்பிக்கை வரவில்லை. கையில் மிச்சப்பட்ட காசுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். பாட்டிக்குப் பிறகு அந்த டின் அப்பாவிடம் இருந்தது. அப்பாவின் மறைவுக்குப் பின் அம்மாவிடம் வந்தது.

"நான் இருக்கும்போதே இதை விற்று, பேரப்பிள்ளைகள் மூவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்," என்றார் அம்மா. அக்காவுக்கு ஒரு மகளும் ஒரு மகனும். எனக்கு ஒரு மகள். மூவருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டுமென்றால், டின்னுக்குள் இருப்பதன் மதிப்பு என்ன என்று முதலில் தெரிய வேண்டும். அந்தப் பொறுப்பை அம்மா என்னிடமும், படிவம் ஐந்தில் பயிலும் அக்கா மகனிடமும் ஒப்படைத்தார்.

காசுகளைக் கொட்டியதும் அம்மா சமையலறைக்குப் போய்ப் புளியை எடுத்து வந்தார். "குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்துவிட்டால் பளபளவென்று ஆகிவிடும். நல்ல விலைக்குப் போகும்," என்றார். நான் தடுத்தேன். பழைய நாணயத்தைத் தேய்த்தால் அழுக்கு மட்டும் போகாது. அதன் மேற்பரப்பும் கீறல் விழுந்து தேய்ந்துவிடும். காலப்போக்கில் படிந்த இயல்பான நிறத்தைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய நாணயத்துக்கு அவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள். அதனால் நாங்கள் நாணயங்களை விளிம்பில் மட்டும் பிடித்து, ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்தோம்.

மொத்தம் 112 நாணயங்கள் இருந்தன. அவற்றுள் 70 நாணயங்கள், முனைகள் மழுங்கிய சதுர வடிவ ஒரு காசுகள். இரண்டாம் எலிசபெத் அரசியாரின் உருவம் பொறித்த இவை 1956-க்கும் 1961-க்கும் இடையில் வெளிவந்தவை. அடுத்து, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த இருபது காசுகள் 14, பத்துக் காசுகள் 9. நடுவில் கெரிஸ் பொறித்த ஒரு ரிங்கிட் நாணயங்கள் 18. இவற்றை அப்பா பிற்காலத்தில் டின்னில் சேர்த்திருந்தார். கடைசியாக, உள்ளங்கையை நிறைக்கும் பெரிய நாணயம் ஒன்று. அதில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் உருவமும் மறுபுறத்தில் 1904 என்ற ஆண்டும் இருந்தன. அதுதான் பாட்டியின் பெருமைக்குரிய 'பெரிய வெள்ளி'.

நம் நாட்டுத் தமிழர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்றே சொல்லிப் பழகியவர்கள். ஒரு காலத்தில் இங்குப் புழங்கிய ஒரு டாலர் நாணயம் உண்மையிலேயே வெள்ளியால் ஆனது. 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்கும் பல்பல்லான விளிம்பு என்பதே பொருள். அக்காலத்தில் இப்பகுதியில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் விளிம்பு அப்படி இருந்தது. சிறு நாணயங்களிலும் வெள்ளி கலந்திருந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்து மலாயா நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-ஆம் ஆண்டின் இருபது காசில் நான்கில் மூன்று பங்கு வெள்ளி. 1943, 1945-ஆம் ஆண்டுகளுக்கு உரியவற்றில் பாதி வெள்ளி. 1948-இலிருந்து செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்தான், வெள்ளியே இல்லை. மன்னரின் முகம் ஒன்றுதான். ஆண்டைப் பார்க்கத் தெரிந்தவருக்கே அதன் மதிப்புத் தெரியும்.

அக்கா மகன் இணையத்தில் விலைகளைத் தேடத் தொடங்கினான். சற்று நேரத்தில், "சித்தி, இங்கே பாருங்கள்! ஒரு சதுரக் காசு ஐயாயிரம் ரிங்கிட்! நம்மிடம் எழுபது இருக்கின்றன!" என்று துள்ளிக் குதித்தான். பாட்டி பணக்காரி ஆகிவிட்டதாகவே அவன் கணக்குப் போட்டுவிட்டான்.

"அது விற்பவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று பார்," என்றேன்.

அவன் மேலும் தேடினான். உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைத் தனியாகப் பார்க்கும் வசதி சில தளங்களில் இருந்தது. அங்கே அதே சதுரக் காசுகள் ஒன்றிரண்டு ரிங்கிட்டுக்குத்தான் விற்றிருந்தன. அவை மிக அதிக எண்ணிக்கையில் வெளியிடப்பட்டவை. இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. பழையது என்பதாலேயே ஒரு நாணயம் விலை உயர்ந்துவிடுவதில்லை. எத்தனை நாணயங்கள் எஞ்சியுள்ளன, அவை எவ்வளவு தேயாமல் உள்ளன, அவற்றை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்னும் மூன்றும் சேர்ந்தே விலையைத் தீர்மானிக்கின்றன. ஐயாயிரம் என்று யாரும் எழுதலாம். அந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்க ஒருவர் முன்வரும்போதுதான் அது விலையாகிறது.

அடுத்த சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு ஈப்போவில் ஒரு நாணயக் கடைக்குச் சென்றோம். கடை நடத்துபவர் ஒரு சீனப் பெரியவர். கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே ஓர் உருப்பெருக்கியுடன் அமர்ந்திருந்தார். "தவுக்கே, இவை என் மாமியாரின் காசுகள். நியாயமாகப் பார்த்துச் சொல்லுங்கள்," என்று அம்மா மலாயில் கேட்டுக்கொண்டார். அவர் ஒவ்வொரு காசாகப் புரட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து ஒரு தாளில் கணக்கு எழுதிக் காட்டினார். சதுரக் காசு ஒன்றுக்கு 1 ரிங்கிட், இருபது காசு ஒன்றுக்கு 14, பத்துக் காசு ஒன்றுக்கு 6, ஒரு ரிங்கிட் நாணயம் ஒன்றுக்கு அதே 1 ரிங்கிட். மொத்தம் 338 ரிங்கிட்.

அக்கா மகனின் முகம் வாடிவிட்டது. "இணையத்தில் இருபது காசு 25 ரிங்கிட்டுக்குப் போகிறதே. நீங்கள் ஏன் 14 தருகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டான்.

பெரியவர் கோபப்படவில்லை. "தம்பி, நானும் 25 ரிங்கிட்டுக்குத்தான் விற்பேன். ஆனால், எப்போது விற்பேன் என்று எனக்கே தெரியாது. சில காசுகள் இந்தப் பெட்டியில் மூன்று ஆண்டுகளாகக் கிடக்கின்றன. கடைக்கு வாடகை கொடுக்க வேண்டும். உன் பாட்டிக்கு நான் இன்றே பணம் தருகிறேன். நல்ல காசை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரவும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்," என்றார்.

நாங்கள் உடனே விற்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு இன்னொரு கடைக்கும் சென்றோம். அங்கே ஒவ்வொன்றாகப் பார்க்காமல், மொத்தத்துக்கும் 290 ரிங்கிட் தருவதாகச் சொன்னார்கள். இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. கடையில் விற்பதாக இருந்தாலும் குறைந்தது இரண்டு கடைகளிலாவது விசாரிக்க வேண்டும். மொத்த விலையைக் கேட்பதைவிட, ஒவ்வொரு வகைக்கும் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

வீடு திரும்பியதும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று நினைத்தோம். இருபது காசுகளில் நான்கு மட்டும் அதிகம் தேயாமல், மன்னரின் தலைமுடிகூடத் தெளிவாகத் தெரியும் நிலையில் இருந்தன. அவற்றை மட்டும் இணையத்தில் விற்க முடிவு செய்தோம். அக்கா தன் பெயரில் கணக்கைத் திறந்தார். மகன் பகல் வெளிச்சத்தில் இரு பக்கங்களையும் படம் எடுத்தான். ஒரு காசின் விளிம்பில் இருந்த சிறு வெட்டையும் மறைக்காமல் தனியாகப் படம் எடுத்துப் போட்டான். அதன் பின் கேள்விகள் வரத் தொடங்கின. "கடைசி விலை என்ன?" "இரண்டு எடுத்தால் குறைப்பீர்களா?" "நாளை சொல்கிறேன்." நாளை சொல்கிறேன் என்றவர்களில் பலர் பிறகு எதுவுமே சொல்லவில்லை.

ஒருவர், பணம் செலுத்திவிட்டதாகக் கூறி ஒரு ரசீதின் படத்தை அனுப்பினார். இன்றே அனுப்பி வையுங்கள் என்று அவசரப்படுத்தினார். அக்கா தன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தார். ரசீதின் படம் வந்திருந்தது, பணம் வரவில்லை. நாங்கள் பொருளை அனுப்பவில்லை. மறுநாள் அந்த நபரின் கணக்கே தளத்திலிருந்து மறைந்துபோயிருந்தது. இணையத்தில் விற்போர் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ரசீதின் படத்தை நம்பாமல், பணம் நம் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே பொருளை அனுப்ப வேண்டும். முன்பின் அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறக்கக் கூடாது. வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு வங்கிக் கணக்கோ தொலைபேசி எண்ணோ மோசடிப் புகாரில் சிக்கியிருக்கிறதா என்பதை மலேசியக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் பார்க்கலாம். மோசடியில் பணம் பறிபோனால், தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நேரில் சந்தித்து விற்பதாக இருந்தால், மக்கள் நடமாட்டம் உள்ள இடத்தில், பெற்றோருடன் சென்று விற்க வேண்டும்.

ஐந்து வாரங்களில் நான்கு நாணயங்களும் ஒன்று 45 ரிங்கிட் என விற்றுத் தீர்ந்தன. கையில் வந்தது 180 ரிங்கிட். உறைக்கும், கண்காணிப்பு எண்ணுடன் அனுப்பிய அஞ்சலுக்கும் 36 ரிங்கிட் செலவாயிற்று. தளத்தின் கட்டணம் 9 ரிங்கிட். மீதம் 135 ரிங்கிட். இதே நான்கையும் பெரியவரிடம் கொடுத்திருந்தால் 56 ரிங்கிட்தான் கிடைத்திருக்கும். இணையத்தில் விற்றதால் 79 ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்தது.

"பார்த்தீர்களா, சித்தி!" என்றான் அவன்.

"சரி, இதற்காக நீ எத்தனை மணி நேரம் செலவழித்தாய்?" என்று கேட்டேன். அவன் நேர்மையாகக் கணக்குப் பார்த்தான். படம் எடுத்தது, விவரம் எழுதியது, பதில் அனுப்பியது, பொட்டலம் கட்டியது, அஞ்சலகத்துக்குப் போய்வந்தது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 11 மணி நேரம். 79 ரிங்கிட்டை 11-ஆல் வகுத்தால், மணிக்கு 7 ரிங்கிட்டுக்குச் சற்று அதிகம். அவன் சிறிது நேரம் அமைதியாக இருந்தான். பிறகு, "அப்படியானால் அந்தத் தாத்தா நம்மை ஏமாற்றவில்லை. இந்த வேலைக்கெல்லாம்தான் அவர் காசு எடுத்துக்கொள்கிறார்," என்றான். நான் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான்.

இதற்கிடையில் அந்தப் பெரிய வெள்ளியின் கதை ஒருபுறம் நடந்துகொண்டிருந்தது. மகன் எடுத்த படம் ஒன்றின் ஓரத்தில் அந்த நாணயமும் தெரிந்திருக்கிறது. அதைக் கவனித்த ஒருவர், 600 ரிங்கிட் தருவதாக எழுதினார். வீடே மகிழ்ச்சியில் மிதந்தது. மற்ற எல்லாவற்றையும் விற்றாலும் கிடைக்காத தொகை அது. விற்பதற்கு முன் அதன் விவரங்களைச் சரிபார்க்கலாம் என்று நான் சொன்னேன். 1904-ஆம் ஆண்டின் நீரிணைக் குடியேற்ற ஒரு டாலர் வெள்ளி நாணயத்தின் எடை 26.95 கிராம். எங்கள் மின்னியல் தராசில் இந்த நாணயம் 19 கிராம்தான் காட்டியது. காந்தத்தை அருகில் கொண்டு சென்றோம். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. வெள்ளியில் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டாத போலிகளும் உண்டு. ஆனால், ஒட்டிவிட்டால் அது வெள்ளி நாணயம் அன்று என்பதில் ஐயமில்லை. மறுமுறை கடைக்குப் போனபோது பெரியவரிடம் காட்டினோம். உருப்பெருக்கியை எடுப்பதற்கு முன்பே, கையில் வாங்கியதும் அவர் தலையை அசைத்துவிட்டார்.

அன்று மாலை அக்கா மகன் மெல்ல ஒரு யோசனை சொன்னான். "இது உண்மையான வெள்ளி என்று நாம் எழுத வேண்டாம். 'பழைய நாணயம், உண்மையா என்று எங்களுக்குத் தெரியாது, படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்' என்று எழுதிவிடலாம். அது பொய் ஆகாதே, சித்தி?"

நான் பதில் சொல்வதற்கு முன் அம்மா பேசினார். "தெரியாதவரைக்கும் தெரியாது என்று சொல்லலாம். இப்போதுதான் நமக்குத் தெரிந்துவிட்டதே, ஐயா. எவனோ ஒருவன் உன் கொள்ளுப்பாட்டியை ஏமாற்றி இதை அவர் கையில் கொடுத்திருக்கிறான். அவர் வெயிலிலும் மழையிலும் உழைத்த கூலி இதில் போயிருக்கிறது. அந்த ஏமாற்றம் இந்த வீட்டோடு நிற்கட்டும். நம் கையால் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டாம்."

அவன் அன்று இரவே அந்த நபருக்கு எழுதினான்: 'ஐயா, நாணயத்தை எடைபோட்டுப் பார்த்தோம். இது போலி. விற்பனைக்கு இல்லை.' அவர் நன்றி தெரிவித்ததோடு, நான்கு இருபது காசுகளில் அப்போது மீதமிருந்த ஒன்றை வாங்கிக்கொண்டார். அந்தப் போலி நாணயத்தை ஓர் உறையிலிட்டு, 'இது வெள்ளி அன்று' என்று தேதியுடன் எழுதி அம்மா பத்திரப்படுத்தினார். நாளை இந்த வீட்டுப் பிள்ளைகள் யாரும் தெரியாமல்கூட அதை விற்றுவிடக் கூடாது என்பது அவருடைய எண்ணம்.

மற்ற நாணயங்களை ஈப்போ பெரியவரிடமே விற்றோம். அவர் தாளில் எழுதித் தந்த அதே விலையைக் கொடுத்தார், ரசீதும் தந்தார். அங்கே கிடைத்த 282 ரிங்கிட்டும் இணையத்தில் கிடைத்த 135 ரிங்கிட்டும் சேர்ந்து 417 ரிங்கிட். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 139 ரிங்கிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால், அந்தத் தொகை எப்படி வந்தது என்று மூவருக்கும் ஒரு காசு விடாமல் கணக்குச் சொல்ல முடிந்தது.

ஆகவே, இணையமா, கடையா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. உங்களிடம் நேரம் இருக்கிறது, பொருளைப் பற்றிய அறிவு இருக்கிறது, நல்ல நிலையில் உள்ள சில நாணயங்கள் இருக்கின்றன என்றால், இணையத்தில் விற்பது பயன் தரும். சாதாரண நாணயங்கள் நிறைய இருந்தால், அல்லது பணம் உடனே தேவைப்பட்டால், நேர்மையான கடைக்காரர் தரும் குறைந்த விலை நியாயமானதே. இரண்டு விலைகளுக்கும் இடையே உள்ள தொகை வெறும் இலாபம் அன்று. காத்திருப்பதற்கும், உழைப்பதற்கும், ஏமாறக்கூடிய அபாயத்தை ஏற்பதற்குமான கூலி அது. அந்த வேலையை நாம் செய்தால் கூலி நமக்கு. பிறர் செய்தால் அது அவர்களுக்கு.

எந்த வழியில் விற்றாலும், கையில் இருப்பது என்னவென்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அறிந்ததை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழில் 'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசின் விலை கடைக்குக் கடை மாறலாம். நேர்மை கடையிலும் இணையத்திலும் ஒன்றுதான்.